துருத்திக்குள் இருட்டு

பொத்தானை அழுத்துகிறேன். மூடி இறங்குகிறது, லென்ஸ் முன்னால் வந்து 'டக்'கென்று நிற்கிறது. இப்போதுதான் உள்ளங்கையளவு தோல் பெட்டியாக இருந்தது, அதற்குள் கேமராவாகிவிட்டது. மூடியைச் சட்டென்று விட்டுவிடக் கூடாது. வேகமாகத் திறந்தால், கொல்லன் பட்டறைத் துருத்தியைப் போலவே கேமராவின் மடிப்புத் துருத்தியும் காற்றை இழுக்கும், உள்ளே பிலிம் வளைந்துவிடும். ஆகவே மெல்லத் திறக்க வேண்டும். திறந்த பிறகே அடுத்த படத்துக்குப் பிலிமைச் சுற்ற வேண்டும்.

✽

தோலில் அழுத்திப் பதித்த எண்: 521/16. விரலால் தடவியும் படிக்கலாம்.

ஜெர்மனியில் நான்கு நிறுவனங்கள் 1926-இல் ஒன்றாகி, ட்ரெஸ்டன் நகரில் ஸைஸ் ஐகான் பிறந்தது. 1929-இல் அதன் மடக்கு கேமராவான இகோண்டா வந்தது. முன் எண் குடும்பத்தைச் சொல்லும்: 520, 521 என்றால் இகோண்டா, 530, 531 என்றால் சூப்பர் இகோண்டா, 515, 517 என்றால் விலை குறைந்த நெட்டார். கோட்டுக்குப் பின்னால் வருவது படத்தின் அளவு. 2 என்றால் 6×9 செ.மீ., 16 என்றால் 6×6, ஒன்றும் இல்லையென்றால் 4.5×6.

எண் சொல்லாததும் உண்டு. ஒரே 521/16-இல் மூன்று கண்ணாடி கொண்ட நோவாரும் இருக்கலாம், பால் ரூடால்ஃப் 1902-இல் வடிவமைத்த நான்கு கண்ணாடி டெஸ்ஸாரும் இருக்கலாம். ஷட்டரிலும் அப்படித்தான், எளியதும் உண்டு, விரைவான காம்பூர் ராபிடும் உண்டு. வாங்க வந்தவர் கையில் எவ்வளவு இருந்தது என்பதை லென்ஸைச் சுற்றியுள்ள வளையம்தான் சொல்கிறது.

✽

நெட்டாரில் தூரத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். மதிப்பிடத் தெரியாதவருக்கும் வழி வைத்திருக்கிறார்கள். தூர வளையத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, துவார எண்களிடையே இன்னொன்று. இரண்டையும் குறிக்கு நேரே வைத்தால், சற்றுத் தள்ளி நிற்கும் ஆள் முதல் தொலைவு மலை வரை தெளிவாக விழும்.

1934-இல் வந்த சூப்பர் இகோண்டா தூரத்தைத் தானே அளந்தது. லென்ஸோ துருத்தியின் அந்த முனையில், பார்க்கும் கண்ணோ இந்த முனையில். நடுவில் மடங்கும் தோல். லென்ஸ் பக்கத்திலிருந்து சிறு கை ஒன்றை உயர்த்தி, அதில் ஆப்பு வடிவக் கண்ணாடிகள் இரண்டைப் பொருத்தினார்கள். லென்ஸைத் திருப்பினால் இவை எதிரெதிராகச் சுழலும், இரண்டாகத் தெரிந்த உருவம் ஒன்றாகச் சேரும். இரு முனைகளையும் இணைப்பது கம்பியல்ல, ஒளிக்கதிர். இதை நினைக்கும்போதெல்லாம் கொஞ்ச நேரம் கேமராவைக் கீழே வைக்க மனம் வருவதில்லை.

✽

120 பிலிம் 1901-இல் வந்தது. இன்றும் கடையில் கிடைக்கிறது. பிலிமின் முதுகோடு ஒட்டிவரும் காகிதத்தில் மூன்று வரிசை எண்கள்: 8 படத்துக்கு ஒன்று, 12-க்கு ஒன்று, 16-க்கு ஒன்று. கேமராவின் பின்னாலுள்ள சிவப்புச் சாளரம் எந்த வரிசைக்கு நேராக இருக்கிறதோ, அந்தக் கணக்கு. பிலிமுக்குத் தான் எந்தப் பெட்டிக்குள் போகிறோம் என்பது தெரியாது. எல்லோருக்குமான எண்களையும் சுமந்துகொண்டு போகிறது.

✽

நேற்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, என்னிடம் உள்ள மடக்கு கேமராக்களை ஒவ்வொன்றாகப் பின்பக்கம் திறந்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றில், துருத்தியின் மடிப்புகள் சந்திக்கும் மூலையில், ஒரு நட்சத்திரம். இத்தனை ஆண்டுகள் விரிந்து மடங்கிய இடம் அங்கேதான் தேய்ந்திருக்கிறது.

கண்ணாடியில் உயர்ந்ததும் தாழ்ந்ததும் உண்டு, ஷட்டரில் வேகமும் மந்தமும் உண்டு. இருட்டில் தரம் பிரிக்க முடியாது. ஊசிமுனை அளவு ஒளி கசிந்தாலும் டெஸ்ஸாரால் ஒன்றும் செய்ய முடியாது. ஓட்டையில்லாத துருத்தி இருந்தால் மலிவான நோவாருக்கும் தன் படம் கிடைத்துவிடும். மலிவான கேமராவை வாங்கியவருக்கும் செய்தவர்கள் குறைக்காமல் கொடுத்தாக வேண்டியிருந்தது இந்த இருட்டைத்தான்.

மூலையில் கறுப்புத் துணிப் பெயிண்டை மெல்லிய தூரிகையால் தொட்டு வைத்தேன். மடிப்பு ஒட்டிக்கொள்ளாதபடி இரவு முழுக்கத் திறந்தே காயவிட்டேன். விடிவதற்கு முன் எழுந்து மறுபடி டார்ச் அடித்தேன்.

நட்சத்திரம் இல்லை.