கைத்தொழிலும் கைம்மாறும்

'கை' என்பது தமிழில் ஓரெழுத்து ஒருமொழி. உடலின் உறுப்பைக் குறிக்கும் அச்சொல்லுக்கு 'ஒழுக்கம்' என்றும் ஒரு பொருள் உண்டென அகராதிகள் கூறுகின்றன. கையால் செய்யும் தொழிலுக்கும் நெஞ்சால் பேணும் ஒழுக்கத்துக்கும் உறவு உண்டோ என எண்ணிப் பார்க்க இச்சொல் நம்மைத் தூண்டுகிறது.

தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய பெருநகரங்களில் விடுமுறை நாள்களில் கைவினைப் பயிலரங்குகள் நடைபெறுகின்றன. செம்புக் கம்பியை வளைத்து அணிகலன் செய்யவும், கயிறு திரித்துப் பின்னவும் தொடக்கநிலையினர்க்குக் கற்பிக்கிறார்கள். நாமும் கட்டணம் செலுத்தி நம் பிள்ளைகளை அனுப்புகிறோம். மாலையில் கோணலான மோதிரம் ஒன்றுடன் அவர்கள் வீடு திரும்பும்போது நமக்குப் பெருமிதம் பொங்குகிறது. இங்கே ஒரு வினா எழுகிறது. ஒருவர் வாழ்நாள் முழுதும் பயின்ற தொழிலை நாம் ஒரு பகல் பொழுதுபோக்காகக் கற்பது அத்தொழிலுக்குச் சிறப்பா, சிறுமையா?

முதலில், அங்கே பிள்ளைகள் கற்பது யாது எனக் காண்போம். கம்பியை ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வளைத்தால் அது இறுகிவிடும். மேலும் வளைத்தால் முறியும். தீயில் காய்ச்சினால்தான் மறுபடியும் இளகும். ஆதலின் ஒரு வளைவை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம் என்று எண்ணிய பிள்ளை, மூன்றாம் முறையோ நான்காம் முறையோ முறிந்த கம்பியுடன் விழிக்கிறான். ஒடிசாவின் கட்டாக் நகரத்துத் 'தாரகாசி'க் கலைஞர், வெள்ளியைத் துளைத்தகட்டின் வழியே இழுத்து இழுத்து மெல்லிய இழையாக்கி, அவ்விழையால் பூவும் இலையும் சமைக்கின்றனர். 2024ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அக்கலையின் அருமை, கையில் கம்பி முறிந்த பிள்ளைக்கே விளங்கும்.

கயிற்றின் நுட்பமும் இத்தகையதே. இரு புரிகளைத் தனித்தனியே ஒரு திசையில் முறுக்கி, பின்னர் இரண்டையும் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்க வேண்டும். ஒவ்வொரு புரியும் தன் முறுக்கிலிருந்து விடுபட முயல்கிறது. அம்முயற்சியே மற்றதை இறுகப் பற்றச் செய்கிறது. வடநாட்டுக் கயிற்றுக் கட்டிலைக் கூர்ந்து நோக்கினால் இன்னொன்றும் புலப்படும். பின்னலைக் கால்மாட்டு வரை கொண்டு செல்லாமல் சிறிது இடைவெளி விட்டு, அங்கே இழுத்துக் கட்டும் கயிற்றை அமைத்திருப்பார்கள். நாளடைவில் கட்டில் தொய்யும் என்பதை முன்னரே அறிந்து, மீண்டும் இறுக்குவதற்கு வைத்த வழி அது. இத்தகைய அறிவை ஏட்டறிவினும் தாழ்ந்ததென்று யாரால் கூற இயலும்?

ஆயினும் நாம் அவ்வாறுதான் கருதி வந்தோம். நார் உரித்துக் கயிறு திரித்தவரும், மூங்கில் பிளந்து கூடை முடைந்தவரும் நம் ஊர்கள் பலவற்றில் திண்ணைக்குக் கீழே நின்று பொருளைக் கொடுத்துச் சென்றனர். தொழிலைப் பிறப்போடு பிணைத்து, பிறப்பைக் காட்டித் தொழிலை இழித்தோம். இன்று ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து, அதே கயிற்றைத் திரிக்க நம் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டுகிறோம். இம்முரண்பாட்டை எண்ணி நாணுவதே முறை.

நாணத்தோடு நில்லாமல் வழி தேடியவர்களும் உண்டு. தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தைக் காந்தியடிகளின் துணையோடு வார்தாவிலிருந்து வளர்த்தார். 1937இல் அதே வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை நடுவாக வைத்தே பிள்ளைகளின் கல்வி அமைய வேண்டும் என்று காந்தியடிகள் வலியுறுத்தினார். கை அழுக்காகாத கல்வி, உழைப்பவரை மதிக்கக் கற்றுத் தராது என்பதே அதன் உட்கிடை.

அங்ஙனமாயின் நம் வினாவுக்கு விடை யாது? ஒரு பகலில் எவரும் கைவினைஞர் ஆகிவிடுவதில்லை. பயிலரங்கு தரும் உண்மையான பயன், செய்யத் தெரியாமை எத்துணைப் பெரிது என்னும் உணர்வே. அவ்வுணர்வு ஒரு கடமையையும் உடன் கொணர்கிறது. பயிலரங்கில் 'ஐயா' என்றழைத்து வணங்கிய அக்கையையே, மறுவாரம் கைவினைச் சந்தையில் கண்டு, "இந்தக் கயிற்றுக்கா இவ்வளவு விலை? பாதிக்குத் தருவாயா?" என்று கேட்போமாயின், நாம் கற்றது ஒன்றுமில்லை. அப்போது அக்கல்வி தொழிலுக்குச் சிறுமையே. உரிய விலையை முணுமுணுப்பின்றித் தந்து, செய்தவரின் பெயரையும் ஊரையும் கேட்டறிந்து வருவோமாயின் அதுவே சிறப்பு.

பிள்ளை செய்த கோணல் மோதிரத்தை எறிந்துவிட வேண்டாம். கடைக்குப் புறப்படும் முன் எடுத்து ஒருமுறை பார்ப்போம். பேரம் பேச எழும் நாவை அது அடக்கும். கையால் பெற்ற கல்விக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு அவ்வளவே.