பெயரில்லாதவரின் சாட்சி

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதும் உரிமை யாருக்கு உண்டு? அச்சமூகத்தில் பிறந்தவருக்கா, அதைக் கற்றுப் பட்டம் பெற்றவருக்கா, அல்லது எழுதுவதற்கு விருப்பமும் ஓய்வும் உள்ள எவருக்குமா? கேள்வி பழையதுதான். ஆனால் விக்கிப்பீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியம் 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பின்னர் இது வெறும் வாதப்பொருளாக இல்லாமல் அன்றாடக் காரியமாகிவிட்டது. சீனாவின் வரலாறு, கலை, பண்பாடு பற்றி அங்கு தொண்டர்கள் செய்துவரும் வேலையைக் கவனித்தால் இந்தக் கேள்வியின் முடிச்சுகள் பலவும் ஒரே இடத்தில் தெரியும்.

எனக்கு இதில் உள்ள அக்கறை ஆசிரியத் தொழிலால் வந்தது. கிராமப் பாடசாலையொன்றில் வரலாறு கற்பிக்கிறேன். ஒப்படைக்காகப் பிள்ளைகள் எழுதிக்கொண்டுவரும் தாள்களில் பெரும்பகுதி அந்தக் கலைக்களஞ்சியத்திலிருந்தே வருகிறது. சீனப் பெருஞ்சுவர் பற்றி எழுதிவந்த மாணவி ஒருத்தி ஒருமுறை, "சேர், இத எழுதினது யாரு?" என்று கேட்டாள். பாடநூலைக் காட்டி எந்தப் பிள்ளையும் என்னிடம் இக்கேள்வியைக் கேட்டதில்லை. பாடநூலின் முற்பக்கத்தில் எழுத்தாளர் குழுவின் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. அதை வாசிப்பவர்கள் அக்குழுவினரின் உறவினர்கள் மாத்திரமே என்பது என் ஊகம். ஆயினும் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதே நமக்குப் போதுமாகிவிடுகிறது. பெயர் இல்லாத இடத்தில்தான் சந்தேகம் பிறக்கிறது.

யார் எழுதினார்கள் என்பதற்கு நேரான விடை உண்டு. சம்பளம் பெறாத பலர் எழுதினார்கள். அவர்களுட் பெரும்பாலோர் புனைபெயர்க்காரர். பல்கலைக்கழக மாணவர், பொறியியலாளர், ஓய்வுபெற்றோர், சீனாவை விட்டு வெளிநாடு போனவர்களின் பிள்ளைகள், சீனாவை ஒருநாளும் காணாத வெள்ளைக்காரர் என்று எவரும் அங்கு இருக்கலாம். ஆங்கிலப் பதிப்பில் சீனா பற்றிய கட்டுரைகளுக்கென்றே ஒரு தொண்டர் குழு உண்டு. எந்த அரச வமிசம் பற்றிய கட்டுரை குறையாகக் கிடக்கிறது, எதற்கு ஆதாரம் போதாது என்று அவர்கள் தரம்பிரித்து வைக்கிறார்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஒரு உரையாடற் பக்கமும், யார் எப்போது எந்தச் சொல்லை மாற்றினார் என்ற முழுப் பதிவும் இருக்கின்றன. அச்சு நூலில் நாம் ஒருபோதும் காணமுடியாதது இந்தப் பதிவு. ஆசிரியர் எழுதி அடித்ததும், பதிப்பாளர் வெட்டியதும் அச்சு நூலில் மறைந்துபோகின்றன. இங்கே எல்லாம் கிடக்கிறது, சண்டை உட்பட.

கலைக்களஞ்சியம் என்பது சீனருக்குப் புதிய சங்கதியல்ல. மிங் வமிசத்து யொங்லே பேரரசர் 1403ஆம் ஆண்டில் ஆணையிட்டு 1408இல் முடித்த கலைக்களஞ்சியத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அறிஞர்கள் உழைத்தார்கள். அது 11,095 தொகுதிகள் கொண்டது. இவ்வளவு பெரிய நூலை அச்சிட இயலாது என்று கைப்பிரதியாகவே வைத்தார்கள். ஒரேயொரு பிரதி, அரண்மனைக்குள். 1557இல் அரண்மனையில் தீப்பிடித்தபோது நூல் தப்பியது. அந்த அச்சத்தினால் 1562 தொடக்கம் 1567 வரை இரண்டாவது பிரதியொன்று எழுதப்பட்டது. அப்பிரதியின் ஒவ்வொரு தொகுதியின் இறுதியிலும் மேற்பார்த்தவர், எழுதியவர், ஒப்புநோக்கியவர் ஆகியோரின் பெயர்கள் குறிக்கப்பட்டன. பிழை நேர்ந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரியவேண்டுமல்லவா! பொறுப்புக்கு இதைவிடக் கறாரான ஏற்பாடு இருக்க முடியாது. அப்படியிருந்தும் மூலப்பிரதி எப்போது எப்படி மறைந்தது என்று எவருக்கும் தெரியாது. இரண்டாவது பிரதியிலும் இன்று உலகெங்கும் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 400 தொகுதிகள் மாத்திரமே. களவும், 1900ஆம் ஆண்டு பீஜிங் முற்றுகையின்போது ஹான்லின் கலாபீடத்தில் பரவிய தீயும் மிச்சத்தைத் தின்றன.

எழுதியவரின் பெயர் நூலைக் காப்பாற்றவில்லை. சரி, பெயர் உண்மையையாவது காப்பாற்றுமா?

2022ஆம் ஆண்டில் சீனமொழி விக்கிப்பீடியாவில் வெளிப்பட்ட மோசடியை இங்கு நினைத்துப் பார்க்கவேண்டும். சீன நாவலாசிரியர் ஒருவர் மத்தியகால ரஷ்யாவின் வெள்ளிச் சுரங்கமொன்றைப் பற்றி அங்கு விரிவான கட்டுரையைக் கண்டார். சுரங்கத்தின் மண்ணமைப்பு, அதில் வேலைசெய்த அடிமைகளின் தொகை, அதற்காக நடந்த போர் எல்லாம் அங்கு இருந்தன. மேலும் விவரம் தேடி ரஷ்ய மூலங்களுக்குப் போனவர் அப்படியொரு சுரங்கமே இல்லையென்று கண்டுபிடித்தார். எழுதியவர் ஒரே ஆள். பத்தாண்டுக்கு மேலாக இருநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை இவ்வாறு புனைந்திருந்தார். சிங் வமிசத்து அமைச்சர் ஹேஷென் பற்றிய கட்டுரையில் கற்பனையைச் செருகியதே அவருடைய தொடக்கம் என்று பின்னர் செய்தி ஏடுகள் எழுதின. சீன வரலாற்றில் எளிதில் பிடிபடலாம், ரஷ்ய வரலாற்றுக்குச் சீனரிடையே சரிபார்ப்போர் குறைவு என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அவர் தன்னை மொஸ்கோவில் கலாநிதிப் பட்டம் பெற்றவராகக் காட்டிக்கொண்டார் என்பதுதான் இதில் கவனிக்கவேண்டிய செய்தி. பட்டம், படிப்பு, வெளிநாட்டு வாழ்க்கை என்று நாம் ஒருவரிடம் எதிர்பார்க்கும் எல்லாச் சான்றிதழ்களையும் அவர் வைத்திருந்தார், பொய்யாக. உண்மையில் உயர்தரப் படிப்போடு நின்ற ஓர் இல்லத்தரசி தான் என்று அவரே பின்னர் மன்னிப்புக் கேட்டு எழுதினார். ரஷ்ய மொழியும் தெரியாது. புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பியதாகச் சொன்னார்.

அவரைத் திட்டுவது இலகு. எனக்கு அவர்மேல் கோபத்தைவிட வியப்புத்தான் அதிகம். நாவல் எழுதியிருக்கலாமே என்று தோன்றுகிறது. ஆனால் அவருடைய பொய்யைப் பத்தாண்டு தாங்கிப்பிடித்தது எது? கட்டுரைகளின் கீழ் அடிக்குறிப்புகள் இருந்தன. நூற்பெயர்கள் இருந்தன. சக தொண்டர்கள் அவரைப் பாராட்டியும் இருந்தார்கள். அந்த அடிக்குறிப்பில் ஒன்றையேனும் எடுத்து, அந்நூலின் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? விக்கிப்பீடியாவின் சட்டம் எழுதியவரை நம்பும்படி சொல்லவில்லை. எழுதியதைச் சரிபார்க்க முடியவேண்டும் என்றே சொல்கிறது. சரிபார்க்க முடிவது வேறு, சரிபார்ப்பது வேறு. பெயரில்லாதவர் எழுதும் இடத்தில் பொறுப்பு மறைந்துவிடுவதில்லை, அது வாசகரிடம் இடம்மாறுகிறது. மாறிவந்த பொறுப்பை எடுத்துக்கொள்ள ஆளில்லாதபோதுதான் சுரங்கம் இல்லாத இடத்தில் வெள்ளி விளைகிறது. இந்தப் பத்தாண்டுக் குற்றத்தில் வாசித்துப் பாராட்டியவர்களின் பங்கு அந்த இல்லத்தரசியின் பங்குக்குக் குறைந்ததல்ல என்பது என் கட்சி. பொய்யைப் பிடித்தவரும் ஒரு வாசகர்தான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இதைச் சொல்லும்போது சீனாவின் பழைய வரலாற்றில் வரும் ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. கி.மு. 548இல் சீ என்ற நாட்டில் சுய் சூ என்ற அமைச்சரின் சூழ்ச்சியால் மன்னர் கொல்லப்பட்டார். அமைச்சரே மன்னரைக் கொன்றார் என்று அரச வரலாற்றாளர் எழுதிவைத்தார். அமைச்சர் அவரைக் கொன்றார். அவருடைய தம்பி அதையே எழுதினார், அவரும் கொல்லப்பட்டார். அடுத்த தம்பிக்கும் அதே கதி. இன்னொரு தம்பியும் அதையே எழுதியபோது அமைச்சர் சலித்துப்போய் விட்டுவிட்டார். கதையை இந்த இடத்தோடு நிறுத்துவதுதான் வழக்கம். எனக்குப் பிடித்தது அதற்குப் பின் வரும் பகுதி. அரச வரலாற்றாளர்கள் எல்லோரும் மாண்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுத் தென்பகுதியிலிருந்த வேறொரு வரலாற்றாளர் தன் மூங்கிற் சுவடிகளைத் தூக்கிக்கொண்டு தலைநகருக்குப் புறப்பட்டார். வழியில், அது எழுதப்பட்டுவிட்டது என்று அறிந்ததும் திரும்பிப் போய்விட்டார். அவருடைய பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை, தெற்கு வரலாற்றாளர் என்ற பதவிப்பெயர் மாத்திரமே எஞ்சியிருக்கிறது. தான் எழுதவேண்டும் என்பதல்ல, எழுதப்படவேண்டும் என்பதே அவருடைய கவலை. வேலை முடிந்துவிட்டதென்றால் வீட்டுக்குப் போகலாம்.

விக்கிப்பீடியாத் தொண்டர்களை அவருடைய வாரிசுகள் என்று சொன்னால் மிகையென்று சிலர் நினைக்கலாம். உயிராபத்து இல்லாத விளையாட்டு என்றும் சொல்லலாம். ஆனால் சீனப் பெருநிலத்தில் நிலைமை அவ்வளவு இலேசானதல்ல. அங்கு விக்கிப்பீடியா 2004 ஜூனில் முதன்முறையாகத் தடைப்பட்டது. தியனன்மென் சம்பவத்தின் 15ஆம் ஆண்டு நிறைவையொட்டிய காலம் அது. 2015இல் சீனமொழிப் பதிப்பும் 2019 ஏப்ரலில் எல்லா மொழிப் பதிப்புகளும் மறிக்கப்பட்டன. அதற்குப் பின்னரும் மறைவழிகளில் நுழைந்து எழுதுவோர் உண்டு. அவர்களுக்குப் புனைபெயர் என்பது அழகுக்குச் சூட்டிக்கொள்வதல்ல. 2021 செப்டெம்பரில் விக்கிமீடியா நிறுவனம் சீனப் பெருநிலத்தோடு தொடர்புடைய 7 பேரைத் தடைசெய்து, 12 பேரின் நிர்வாக அதிகாரத்தைப் பறித்தது. தொண்டர்களின் பாதுகாப்புக்கு ஏற்பட்ட அச்சுறுத்தலே காரணமாகச் சொல்லப்பட்டது. பெயர் தெரிந்தால் ஆளுக்கு ஆபத்து. பெயர் தெரியாவிட்டால் உண்மைக்கு ஆபத்து. இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய் என்றால் நான் ஆளைக் காப்பாற்றுவதையே தெரிவுசெய்வேன். உண்மைக்குத்தான் அடிக்குறிப்பு இருக்கிறதே.

இனி, நடுநிலை. எல்லாத் தரப்பையும் சாய்வின்றி எழுதவேண்டும் என்பது அங்குள்ள அடிப்படை விதி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கட்டுரைக்குத் தலைப்பு வைக்கும்போதே நடுநிலை தடுக்கிவிழுகிறது. ஆங்கிலப் பதிப்பில் 'சீனா' என்ற தலைப்பின் கீழ் நெடுங்காலம் இருந்தது சீன நாகரிகம் பற்றிய கட்டுரை. நீண்ட விவாதத்தின் பின் 2011இல் அத்தலைப்பு மக்கள் சீனக் குடியரசுக்கு உரியதாயிற்று. ஒரு சொல் ஒரு நாகரிகத்தைக் குறிப்பதா, ஓர் அரசைக் குறிப்பதா என்று சில தொண்டர்கள் தீர்ப்புச் சொல்லவேண்டியிருந்தது. கொகுர்யோ என்ற பண்டைய அரசு கொரியருடையதா சீனருடையதா என்பதும் அவ்வாறே. அதன் கல்லறைகளும் நகரங்களும் 2004ஆம் ஆண்டு வடகொரியாவின் பெயரிலும் சீனாவின் பெயரிலும் தனித்தனியே உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. யுனெஸ்கோவே இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்துத் தப்பித்துக்கொண்டால் பாவம் தொண்டர் என்ன செய்வார்!

ஓரிடத்தில் மாத்திரம் அவர்கள் செய்த தீர்வு என்னை மகிழ்விக்கிறது. சீனப் பெருநிலத்தில் எளிதாக்கிய எழுத்தும் தாய்வானிலும் ஹொங்கொங்கிலும் மரபெழுத்தும் வழங்குகின்றன. சொற்களும் வேறு. வாடகைக் காருக்குப் பெருநிலத்தில் ஒரு சொல், தாய்வானில் வேறு சொல், ஹொங்கொங்கில் 'டாக்ஸி' என்பதன் திரிபு. தொடக்கத்தில் ஒரே பொருளுக்கு இரண்டு கட்டுரைகள்கூட எழுதப்பட்டன, பிளவு வரும்போல் இருந்தது. எழுதுபவர் தன் எழுத்தில் எழுத, வாசிப்பவர் தன் எழுத்தில் வாசிக்கும்படி தானாக மாற்றிக்காட்டும் முறையொன்றை உருவாக்கி அந்தப் பிளவைத் தடுத்தார்கள். எவரும் தன் எழுத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மொழியால் அடிபட்ட நாட்டிலிருந்து இதைப் பார்க்கும்போது பெருமூச்சு வருகிறது.

நம் நாட்டுக்கே வந்த சீன வரலாறும் உண்டு. மேலே சொன்ன யொங்லே பேரரசரின் கடற்படைத் தளபதி, யுன்னானைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த செங் ஹோ. அவர் இங்கு நிறுத்திய கல் 1911இல் காலியில் மதகொன்றின் மூடியாகக் கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட அக்கல்லில் சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் புகழுரை உள்ளது. காணிக்கைப் பட்டியலோ ஏறத்தாழ ஒன்றுதான்: பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு, வாசனை எண்ணெய் என்று அது போகிறது. கல்வெட்டு இவ்வளவு சமரசமாகப் பேசுகிறது. அதே செங் ஹோ 1411இல் இங்கிருந்து அழகேஸ்வரரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார்.

ஏன் பிடித்தார்? மிங் அரசவைப் பதிவு, அழகேஸ்வரர் பொன்னும் வெள்ளியும் கேட்டுக் கப்பல்களைக் கொள்ளையிடப் பெரும்படை அனுப்பினார் என்கிறது. ராஜாவலிய என்ற சிங்கள வரலாற்று நூலோ, பரிசு கொண்டுவரும் பாவனையில் வந்திறங்கிய சீனர் வஞ்சகமாக அரசனைப் பிடித்துப்போயினர் என்கிறது. பிடிபட்டவரின் பெயரையும் அது வேறாகவே சொல்கிறது. நடுநிலை விதியின்படி தொண்டர் இரண்டையும் அருகருகே வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடிக்குறிப்பு இட்டுவிட்டு எழுந்து போகலாம். அது நேர்மையான வேலை. ஆனால் இரண்டுக்கும் ஒரே எடை என்ற தோற்றத்தை அது தந்துவிடுகிறது. சீனப் பதிவு சம்பவம் நடந்து சில பத்தாண்டுகளுக்குள் தொகுக்கப்பட்டது. ஆனால் அது வென்றவனின் அரண்மனையில் எழுதப்பட்டது. ராஜாவலிய தோற்றவனின் மண்ணில் எழுந்தது. ஆனால் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் பிந்தியது. காலத்தால் அண்மையிலுள்ள வென்றவன் பொய் சொல்லக் கூடும். காலத்தால் தொலைவிலுள்ள நம்மவன் தவறாக நினைவுகூரக் கூடும். எதற்கு எவ்வளவு எடை என்று எந்த விதியும் சொல்லித்தராது. அந்தக் கல் இது பற்றி எதுவும் பேசவில்லை. அதில் பாரசீகப் பகுதி பெரிதும் தேய்ந்துபோய், சில இடங்களை வாசிக்கவே முடியாமல் இருக்கிறது.