இசைப்பேழையும் மனிதக் குரலும்

பழையதும் புதியதும் மோதும் காலங்களில் இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொள்ள மனிதன் முயல்வது இயல்பு. அத்தகைய முயற்சிக்குச் சான்றாக விளங்குவது 'மிராபோன்' என்னும் கருவி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுவிற்சர்லாந்தின் யூரா மலைப்பகுதியிலுள்ள சென்ற் குறுவா என்னும் ஊரைச் சேர்ந்த மேர்மோ சகோதரர் நிறுவனம் இதனை உருவாக்கியது. இது பாதி இசைப்பேழை, பாதி கிராமபோன். முனைகள் புடைத்த உலோகத் தகட்டைப் பொருத்தினால் பேழை இசைக்கும். அதனை அகற்றி இசைத்தட்டை வைத்தால் பாடகர் பாடுவார்.

ஒரே பெட்டியில் அமைந்தபோதிலும் இவ்விரண்டின் இயல்புகளும் வேறானவை. 1796இல் ஜெனீவாவைச் சேர்ந்த மணிக்கூட்டுக் கைவினைஞர் அன்ருவான் பாவ்ர், சிறு மணிகளுக்குப் பதிலாகச் சுருதி சேர்த்த உருக்குப் பற்களை மீட்டி ஒலியெழுப்பும் முறையை அறிமுகப்படுத்தினார். எனவே, இசைப்பேழை தானே ஒரு வாத்தியம். அதன் ஒலி ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கிறது. எடிசன் 1877இல் கண்ட ஒலிப்பதிவுக் கருவியும், அதன்பின் பேர்ளினர் உருவாக்கிய கிராமபோனும், என்றோ ஒருநாள் எழுந்த ஒலியையே மீட்டுத் தருகின்றன.

தொடக்ககாலக் கிராமபோனின் ஒலி இரைச்சல் மிகுந்தது. பேழையின் ஒலியோ தெளிவானது. ஆயினும் மக்கள் கிராமபோனையே தேர்ந்தனர். பாடல்களின் பெருக்கமும் இதற்கொரு காரணமே. எனினும் அதுமட்டும் முழு விடையாகாது. இரைச்சலினூடே மனித மூச்சொன்று கேட்டது. குறையற்ற இயந்திரத்தைவிடக் குறையுடைய மனிதனையே மனிதன் நாடுகிறான் என்று நாம் மனநிறைவு கொள்ளலாம்.

ஆனால், இசைப்பேழையினுள் மனிதர் இருக்கவில்லையா? பழைய உருளைப் பேழைகளில் ஆயிரக்கணக்கான நுண்ணிய ஊசிகளைப் பதித்தவை மனிதக் கைகளே. அவற்றுட் பெரும்பாலானவை பெண்களின் கைகள். உருக்குப் பற்களை அராவிச் சுருதி சேர்த்ததும் ஒருவரின் செவியே. பாடகரின் பெயர் இசைத்தட்டில் அச்சாயிற்று. இவர்களின் பெயர்களோ பெரும்பாலும் எங்கும் பொறிக்கப்படவில்லை. ஆகவே, நமது செவி நாடியது மனிதனை அன்று. தன்னை மனிதனென்று அறிவித்துக்கொண்டவனையே எனல் வேண்டும். மௌனமாக உழைத்தவரை அது இயந்திரம் என்றே எண்ணிற்று.

அதே ஊரில் 1883இல் இசைப்பேழைகளோடு தொடங்கிய தொரென்ஸ் நிறுவனம் பின்னர் கிராமபோன்களைத் தயாரித்தது. நிறுவனமொன்று தன் உற்பத்தியை மாற்றிக்கொள்ள இயலும். ஒரே கைத்திறனுக்குத் தம் வாழ்நாளையும் கண்ணொளியையும் ஈந்தவர் அவ்வாறு மாறுதல் எளிதன்று.

இதனால் புதியதை மறுத்தல் வேண்டுமென்பது பொருளன்று. மிராபோனின் காலம் முடிந்தது, முடிந்தேயாக வேண்டும். ஆயின், ஒரு பொருளைப் புறந்தள்ளும்போது அதனுள் உறையும் உழைப்பையும் உயிரற்றதெனக் கருதுவது அறமாகாது. குரலுடையார்க்கு மட்டும் செவிசாய்ப்பது இரசனையாகலாம். குரலற்றாரின் கைகளையும் கேட்கப் பழகுவதே நீதியாகும்.