குப்பையைப் பிரிப்பதும் தர்மமா?

தர்மம் என்றதும் நமக்குப் பெரிய விஷயங்கள்தான் ஞாபகம் வரும். குருக்ஷேத்திரம், அரிச்சந்திரன், புறாவுக்காகத் தன் சதையை அறுத்துக் கொடுத்த சிபிச் சக்கரவர்த்தி. சமையலறைக் குப்பை வாளி யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு வாழ்நாளில் சிபியைப் போல ஒரு சோதனை வரப்போகிறது? குப்பையை மட்டும் தினமும் கொட்டுகிறோம். தினமும் செய்யும் காரியத்தில் தர்மம் இல்லையென்றால், என்றோ ஒரு நாள் செய்யப்போகும் காரியத்தில் அது எங்கிருந்து வந்துவிடும்?

நான் லுக்குட்டில் இருப்பவன். எங்கள் நெகிரி செம்பிலானில், சட்டம் 672 எனப்படும் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2011 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைப்பது 2015 செப்டம்பர் 1 முதல் கட்டாயம். 2016 ஜூன் 1 முதல் அபராதமும் வந்தது. தரை வீடுகளுக்கு முதல் தடவை 50 ரிங்கிட், இரண்டாவது தடவை 100, மூன்றாவது தடவை 500. அதற்கும் மேலே போனால் நீதிமன்றம், 1,000 ரிங்கிட் வரை. வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள்களும் வெட்டிய செடிகொடிகளும் பெரிய தட்டுமுட்டுச் சாமான்களும் என்று எடுக்கும் முறையும் அதோடு வந்தது.

ஒரு நாள் சமய வகுப்பு முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது ஐந்தாம் படிவத்துத் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, எங்க வரிசையில பாதிப் பேரு எல்லாத்தையும் ஒரே பையில கட்டித்தான் வைக்கிறாங்க. யாருக்கும் சமன் வரல. நான் ஒருத்தன் பிரிச்சு வச்சா என்ன ஆயிடப் போவுது?"

நல்ல கேள்வி. "சட்டம் இருக்குப்பா, செய்" என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அது பதில் ஆகாது. அவன் கேட்டதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தண்டனை இல்லையென்றால் கடமை உண்டா? பலன் தெரியவில்லையென்றால் கடமை உண்டா?

முதல் கேள்விக்கு நம்ம ஊர்ச் சரித்திரமே உதவும். லுக்குட் ஈயத்துக்குப் பேர்போன ஊர். ராஜா ஜுமாஆட் 1847-இல் கட்டிய கோட்டை இன்றும் குன்றின் மேல் இருக்கிறது. அந்தக் காலத்தில் லுக்குட் சிலாங்கூரைச் சேர்ந்தது. 1880-இல்தான் அது நம் பக்கத்துக்குக் கைமாறியது. இப்போது சுங்கை சிப்பாங் ஆறுதான் எல்லை. 2011-இல் சட்டம் 672 நடப்புக்கு வந்தபோது சிலாங்கூர் அதில் சேரவில்லை. அப்படியானால் பாலத்துக்கு இந்தப் பக்கம் பால் டின்னைத் தனியாக வைப்பது கடமை, அந்தப் பக்கம் போனால் கடமை இல்லை என்றாகுமா? அபராதம் எல்லையோடு நின்றுவிடும். நியாயம் நிற்காது. அபராதம் என்பது நடக்கப் பழகும் பிள்ளைக்கு நடைவண்டி மாதிரி. பழகும்வரை உதவும். இருபது வயதிலும் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவன் நடக்கக் கற்றுக்கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் கடினம். பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்பது கீதை காட்டும் வழி. அதைச் சொல்லி வாயை மூடிவிடலாம். ஆனால் அதைத் தப்பாகப் பிடித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். "நான் பிரிச்சு வச்சுட்டேன், என் கடமை முடிஞ்சது, அப்புறம் எப்படிப் போனா எனக்கென்ன" என்பது பற்றின்மை இல்லை, அக்கறையின்மை. எனக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்காமல் இருப்பது வேறு. செய்த வேலை உருப்படியாக முடிந்ததா என்று பார்க்காமல் இருப்பது வேறு. முன்னது யோகம், பின்னது சோம்பல்.

ஆகையால் பிரிக்கிறவன் ஒழுங்காகப் பிரிக்க வேண்டும். கறிக்குழம்பு ஒட்டிய ஒரே ஒரு பிளாஸ்டிக் பை கட்டுக் கட்டான நல்ல காகிதத்தைக் கெடுத்துவிடும். டின்னை அலசிக் கவிழ்த்து வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? மறுசுழற்சிப் பையைச் சாதாரணக் குப்பை நாளில் வெளியே வைத்துவிட்டு, "எல்லாத்தையும் ஒண்ணாத்தான் அள்ளிட்டுப் போறாங்க" என்று சொல்வதிலும் நியாயமில்லை. சரியான நாளில் வைத்தும் உண்மையிலேயே எல்லாம் ஒன்றாகக் கலக்கப்பட்டால், அதைக் கேட்பதும் புகார் செய்வதும் நம் கடமையில் சேரும். வாயை மூடிக்கொண்டு குறைபட்டுக்கொள்வதற்குப் பெயர் பக்குவம் இல்லை.

சரி, இந்தக் குப்பை எங்கே போகிறது? "தூக்கிப் போடு" என்கிறோம். எங்கே போடுகிறோம் என்று யோசிப்பதில்லை. சிரம்பான், போர்ட்டிக்சன் பக்கத்துக் குப்பை லாரிகள் லாடாங் தானா மேராவுக்குப் போகின்றன. அங்கே புதைப்பு நிலம் இருக்கிறது. நாளொன்றுக்கு 600 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் அளவில் திட்டமிட்ட ஆலையும் அங்கேதான். பெயரைக் கவனியுங்கள். லாடாங் என்றால் தோட்டம். லின்சம், சிலியாவ், தானா மேரா என்று நம் தாத்தா பாட்டிகள் விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டிய பெயர்கள் இவை. நாம் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்துவிட்டோம். நம் குப்பை திரும்பத் தோட்டத்துக்கே போய்ச் சேருகிறது.

"அதான் எரிச்சு கரண்ட் எடுக்கிறாங்களே, எதுக்குப் பிரிக்கணும்?" என்றும் சிலர் கேட்பார்கள். நம் வீட்டுக் குப்பையில் மிகப் பெரிய பங்கு சோறு, காய்கறித் தோல், மீன் கழிவு. ஈரக் குப்பை நன்றாக எரியாது. அலுமினிய டின்னும் கண்ணாடியும் எரிபொருளே இல்லை. பழைய அலுமினியத்தை உருக்கினால், மண்ணிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் சக்தியில் ஏறக்குறைய 95 விழுக்காடு மிச்சம். அதைச் சோற்றோடு கலந்து அனுப்பினால் யாருக்கு லாபம்?

2018-இல் சீனா பிளாஸ்டிக் கழிவு வாங்குவதை நிறுத்தியபோது, பணக்கார நாடுகளின் குப்பை நம் நாட்டுக்கு வந்து குவிந்தது. கோல லங்காட்டில் ஜெஞ்சாரோம் மக்கள் சட்டவிரோத ஆலைகளின் புகையில் தவித்தார்கள். 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்களை 13 நாடுகளுக்கு நம் அரசாங்கம் திருப்பி அனுப்பியது. "நாங்க என்ன உங்க குப்பைத் தொட்டியா?" என்று நாமெல்லாம் கோபப்பட்டோம். சரியான கோபம். ஆனால் அதே கேள்வியைத் தானா மேராவுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் நம்மைப் பார்த்துக் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்? தூரம் குறைவு என்பதால் செய்கை மாறிவிடாது.

நமக்கென்று ஒரு பலவீனமும் இருக்கிறது. தூய்மையைப் பற்றி நம்மைப் போல் பேசுகிறவர்கள் குறைவு. பதஞ்சலி சொன்ன ஐந்து நியமங்களில் முதலாவது சௌசம், அதாவது தூய்மை. வாசல் தெளிக்கிறோம், கோலம் போடுகிறோம், செருப்பை வெளியே விடுகிறோம். ஆனால் கூட்டிய குப்பை கால்வாயில் விழுகிறதா என்று பார்ப்பதில்லை. அழுக்கை அடுத்தவன் பக்கம் தள்ளிவிட்டு, அதைத் தொட்டு எடுக்கிறவனையே அழுக்கு என்று ஒதுக்கி வைத்தோம். அது தூய்மை இல்லை, அநியாயம். நகரத்துச் சாலைகளைக் கூட்டிய கைகளில் நம் இனத்தார் கைகளும் இருந்தன என்பதை மறக்கக்கூடாது. இன்று அந்த லாரியின் பின்னால் தொங்கிக்கொண்டு போகிறவர் வங்காளதேசத்துக்காரராக இருக்கலாம். உடைந்த கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றாமல் நாம் போட்ட பையை அவர்தான் வெறுங்கையால் தூக்குகிறார். அந்தக் கைக்கு நாம் காட்டும் மரியாதைதான் பிரித்து வைப்பது.

இதற்கு நமக்கு நல்ல முன்னோடி இருக்கிறார். அப்பர் பெருமான் கையில் உழவாரப்படை இருந்தது. பாடல் பாடிய அதே பெரியவர் கோயில் பிராகாரத்துப் புல்லையும் செதுக்கினார். அதைத்தான் இன்றும் உழவாரப்பணி என்று செய்கிறோம். ஆனால் பணி முடிந்ததும் புல், பூமாலை, போத்தல், பாலிஸ்டிரின் தட்டு எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பையில் கட்டி வெளியே வைத்தால், பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

ஆகவே தம்பி தங்கைகளே, இந்த ஆடித் திருவிழாவிலேயே தொடங்குவோம். அன்னதானத்துக்கு வாழை இலை போடுவோம், தண்ணீருக்கு வீட்டிலிருந்து டம்ளர் கொண்டு வரச் சொல்வோம். மாலையும் இலையும் கோயில் பின்புறம் ஒரு குழியில் உரமாகட்டும். காகிதத்துக்கு நீலம், கண்ணாடிக்குப் பழுப்பு, பிளாஸ்டிக்குக்கும் டின்னுக்கும் ஆரஞ்சு என்று மூன்று தொட்டிகளை வைத்து, பக்கத்தில் இரண்டு பேர் நின்று சொல்லிக் கொடுப்போம். பொரித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்ற விடாமல் டின்னில் சேர்த்துக் கொடுப்போம். போகியன்று பழைய பிளாஸ்டிக்கைக் கொளுத்தாமல் 'சூராட் காபார் லாமா' லாரிக்காரரிடம் போடுவோம். அம்மாவிடம் மட்டும் இந்த வேலையை விட்டுவிடாமல் பையன்களும் கையில் எடுப்போம். வீட்டில் வாளி இரண்டு வைத்தால் போதும், இன்றிரவே தொடங்கிவிடலாம்.