கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க!

ஆடித்தபசு சமயத்தில் சங்கரன்கோவில் பக்கம் பஸ் ஏறிப் பாருங்கள். மூன்று பேர் உட்காரும் சீட்டு பக்கத்தில் நான்காவதாக ஒருவர் வந்து நிற்பார். 'அண்ணாச்சி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க!' அவ்வளவுதான். மூன்று பேரும் ஆளுக்கு நாலு விரக்கடை நகர்வார்கள். இல்லாத இடம் எங்கிருந்தோ முளைத்துவிடும்.

இங்கிலீஷ் சொல்தான். ஆனால், வெள்ளைக்காரர்கள் பெரும்பாலும் பொருளைத்தான் அட்ஜஸ்ட் செய்வார்கள். கழுத்து டை, கார் கண்ணாடி, கடிகார முள் இப்படி. புது ஊருக்குப் போனால் தன்னைத்தானே பழக்கிக்கொள்வதற்கும் அதே சொல் உண்டு. நாம் ஒரு படி மேலே போய், அடுத்தவரை அட்ஜஸ்ட் செய்யச் சொல்கிறோம்!

எத்தனை அர்த்தம் பாருங்கள். மளிகைக் கடையில் சொன்னால், சில்லறை பாக்கி. விசைத்தறிகள் நிறைந்த இந்த ஊரில், 'அட்வான்ஸை கூலியில அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்றால், பிடித்தம். ஆபீஸில் குரலைத் தாழ்த்தி, 'ஏதாவது பார்த்து அட்ஜஸ்ட் பண்ணிரலாம் சார்' என்றால், லஞ்சம். அடி வாங்கி அம்மா வீட்டுக்கு வந்து நிற்கும் பெண்ணிடம், 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா' என்றால், வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போ!

இன்னும் மோசமான அர்த்தமும் இருக்கிறது. மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய, 2017-ல் கேரள அரசு நீதிபதி ஹேமா கமிட்டியை அமைத்தது. அதன் அறிக்கை 2024 ஆகஸ்ட்டில் வெளியானது. அந்தத் துறைப் பெண்களுக்கு மிகவும் பழகிப்போன இரண்டு சொற்களாக அறிக்கை குறிப்பிடுபவை 'காம்ப்ரமைஸ்', 'அட்ஜஸ்ட்மென்ட்'. வாய்ப்பு வேண்டுமென்றால் உடம்பைக் கொடு என்பதற்கு எவ்வளவு நாகரிகமான பெயர்!

பஸ்ஸில் கேட்டதும் அதே சொல்தானே? அங்கே இனித்தது, இங்கே ஏன் கசக்கிறது?

பஸ்ஸில் நகர்வது எல்லோரும். ஒருவர் மட்டும் இல்லை. அதுவும் இறங்கும் ஸ்டாப் வரைக்கும்தான். 'முடியாதுய்யா' என்று சொன்னாலும் தலை போகாது. வீட்டுக்குத் திரும்பி அனுப்பப்படும் அந்தப் பெண்ணுக்கு இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருக்கிறதா? நகர்பவள் அவள் மட்டும். காலம் முழுக்க நகர வேண்டும். மறுத்தால் 'அடங்காதவள்' என்று பட்டம். இதற்குப் பெயர் விட்டுக்கொடுத்தல் இல்லை. பறிகொடுத்தல்!

அந்தச் சொல்லின் பிறப்பைத் தேடிப் போனால் ஓர் ஆச்சரியம். 'அருகில்' என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தது அது. பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பது. பிற்பாடு, 'நியாயம்' என்று பொருள்படும் 'ஜஸ்ட்' என்ற சொல்லோடு அதைக் குழப்பிக்கொண்டார்கள். சரிப்படுத்துவது என்ற அர்த்தமும் ஒட்டிக்கொண்டது. நெருக்கம், நியாயம் இரண்டும் சேர்ந்தது அட்ஜஸ்ட். நாம் நெருக்கத்தை வைத்துக்கொண்டு, நியாயத்தைப் பல இடங்களில் தொலைத்துவிட்டோம்.

சங்கரன்கோவில் தலபுராணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகராஜாக்களுக்குச் சண்டை. பஞ்சாயத்து கோமதி அம்மனிடம் போகிறது. 'நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்று இருவரில் ஒருவரை அடக்கியிருந்தால், பிரச்னை அஞ்சு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அம்மன் அப்படிச் செய்யவில்லை. தானே தவம் இருந்தாள். வலது பாதி சிவனாக, இடது பாதி திருமாலாக சங்கரநாராயணர் வந்து நின்றார். இன்றும் அந்தச் சந்நிதியில் விபூதியும் உண்டு, தீர்த்தமும் உண்டு.

சாமியை நம்புங்கள், நம்பாமல் போங்கள். அந்தக் கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். இரண்டு பேருமே ஆளுக்குப் பாதி இடம் விட்டார்கள். ஒருவரும் காணாமல் போகவில்லை.

வீட்டிலோ, ஆபீஸிலோ யாரிடமாவது 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்று சொல்ல வாய் எடுக்கிறீர்களா? ஒரு நிமிஷம். நீங்கள் எத்தனை விரக்கடை நகர்ந்தீர்கள்?