வாங்கும் படியும் விற்கும் படியும்

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், ஒரு மீலாது விழா மேடையில், கிறித்தவர்கள் தம் வேதத்தின்படி வாழ்கின்றனரா என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருந்தார்கள். பேசினேன். ஈஸா (அலை) அவர்கள் எளிமையைப் போதித்தார்கள். அவர்தம் பெயர் சொல்வோரோ கண்டங்கள் மூன்றின் செல்வத்தைக் கப்பலேற்றிச் சென்றனர் என்றேன். அவர்கள் மன்னிப்பைப் போதித்தார்கள். இவர்களோ சிலுவைப் போர் தொடுத்தனர் என்றேன். வாக்கியத்துக்கு வாக்கியம் அவை மகிழ்ந்தது. மகிழ்வதைக் கண்டு நானும் மகிழ்ந்தேன்.

கூட்டம் கலைந்தபின், நெல் வணிகம் செய்து ஓய்ந்த முதியவர் ஒருவர் என்னருகில் வந்தமர்ந்தார். “ஹஜ்ரத், நல்லாத்தான் பேசினீங்க. எங்க வாப்பா காலத்துல கடையில ரெண்டு படி இருக்கும். வாங்குறதுக்கு ஒண்ணு, விக்கிறதுக்கு ஒண்ணு. வெளியிலேருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஸலாம் கூறி எழுந்து போய்விட்டார்.

திருமறையின் 83ஆம் அத்தியாயம் ‘அல் முதஃப்பிஃபீன்’ எனப் பெயர் பெற்றது. பிறரிடமிருந்து அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, தாம் அளந்து கொடுக்கும்போது குறைத்துவிடுவோருக்குக் கேடுண்டு என அதன் தொடக்கம் எச்சரிக்கிறது. ‘தஃப்’ என்பது பாத்திரத்தின் விளிம்பு. விளிம்புவரை வந்தும் நிறையாமல் நிற்பதே ‘தத்ஃபீஃப்’ என மொழிநூலார் சிலர் விளக்குவர். அத்தகையோர் வழிப்பறி செய்வதில்லை. விளிம்பில் ஒரு விரற்கடை குறைக்கிறார்கள், அவ்வளவுதான். எத்தனையோ ஆண்டுகள் மாணவர்க்கு இந்த அத்தியாயத்தை ஓதிக்கொடுத்தவன் நான். அது அரிசிக்கடைக்கும் துணிக்கடைக்கும் மட்டுமே உரியதென எண்ணியிருந்தேன் போலும்! அன்றைய மேடையில் கிறித்தவர்களை அவர்களுடைய செயலால் அளந்தேன்; நம்மையோ நம்முடைய வேதத்தால் அளந்தேன். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருந்தன.

அப்படியானால், அந்த வினாவே கேட்கத் தகாததா? அன்று. தம் சமயத்தின் பெயரால் உலகை ஆண்டவர்களை அச்சமயத்தின் போதனைகொண்டு விசாரிப்பது நியாயமே. ஆனால் விசாரணைக்குச் சாட்சி வேண்டும். இரு வேதங்களையும் அறிந்தவரும், கிறித்தவர் கையில் வாழ்நாளைக் கழித்தவருமாகிய ஒருவர் கிடைத்தால் அவரினும் சிறந்த சாட்சி யார்? அத்தகைய ஒருவர் இருந்தார். அவர் நம்மவர், நம் ஆலிம்களைப்போல் கிதாபு ஓதியவர்.

உமர் இப்னு ஸஈத் என்பது அவர் பெயர். மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய செனகல் நாட்டுப் பகுதியாகிய ஃபூத்தா தோரோவில், 1770ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். தம் சகோதரர் உள்ளிட்ட ஷைகுகளிடம் இருபத்தைந்து ஆண்டுகள் கல்வி பயின்றவர். 1807ஆம் ஆண்டில், படையொன்று ஊர்மீது பாய்ந்து பலரைக் கொன்றது. அவரைப் பிடித்துச் சென்று விற்றது. ஒன்றரை மாதக் கடற்பயணத்தின் பின் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் ஏலப்பொருளாக இறக்கப்பட்டார். முதலில் வாங்கியவன் கொடியவன். அவனிடமிருந்து தப்பி, வடக்கு கரோலினாவின் ஃபயட்வில் என்னும் ஊரை அடைந்து, தொழுவதற்காக ஒரு வீட்டினுள் நுழைந்தபோது பிடிபட்டுச் சிறையிலிடப்பட்டார். சிறைச் சுவரில் கரியால் அரபு எழுத்துகளை அவர் எழுதிவைக்க, அதைக் காண மக்கள் திரண்டனர் என்பர். பின்னர் ஜேம்ஸ் ஓவன் என்னும் செல்வர் அவரை விலைக்கு வாங்கினார். இவ்வோவன் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினராக இருந்தவர். இவருடைய சகோதரர் அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். பக்தியுள்ள கிறித்தவக் குடும்பம்.

1831ஆம் ஆண்டில் உமர் தம் வரலாற்றை அரபு மொழியில் தம் கையால் எழுதினார். பதினைந்து பக்கங்களேயான அந்த ஏடு இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. அதன் தொடக்கம் அவருடைய கதையன்று. சூரத்துல் முல்க்கை நினைவிலிருந்து எழுதி, அதன் பிறகே தம் கதைக்கு வருகிறார். இடையில், தம் மொழியையும் அரபு இலக்கணத்தையும் பெரும்பாலும் மறந்துவிட்டதாகச் சொல்லி, வாசிப்போரிடம் பிழை பொறுக்குமாறு வேண்டுகிறார். கால் நூற்றாண்டு ஒரு கிதாபையும் ஓத வாய்ப்பற்றிருந்த மனிதர் இவ்வாறு வேண்டுவதைப் படிக்கையில், நாள்தோறும் ஓதியும் பிழைபட எழுதும் எம்போன்றோர்க்கு நாணமே மேலிடுகிறது.

ஏன் சூரத்துல் முல்க்? ஆட்சியும் உடைமையும் எவனுடைய கையில் உள்ளனவோ அவனைப் போற்றித் தொடங்குவது அது. ‘முல்க்’ ஆட்சி, ‘மில்க்’ உடைமை, ‘மாலிக்’ உடையவன், ‘மம்லூக்’ உடைமையாக்கப்பட்டவன், அதாவது அடிமை. நான்கும் ஒரே வேர். பத்திரமெழுதி வாங்கப்பட்ட ஒரு மம்லூக், தன்னை வாங்கியோர் படிக்கவியலாத மொழியில், உண்மையான மாலிக் யாரென்று முதல் வரியிலேயே எழுதிவைத்தார் என்றுதான் நான் கொள்கிறேன்.

இனி, அவர் கூறும் சாட்சியம். முதல் எஜமானனைக் குள்ளன், வலிமையற்றவன், கொடியவன், இறையச்சம் சிறிதுமற்றவன் என்கிறார். ஓவன் குடும்பத்தாரையோ நல்லோர் என்கிறார். காரணம் கூறுமிடத்தில், அவர்கள் உண்பதையே தமக்கு உண்ணத் தருகிறார்கள், அவர்கள் உடுப்பதையே உடுக்கத் தருகிறார்கள் என்று எழுதுகிறார். ஹதீஸ் ஓதியவர்கள் இவ்விடத்தில் நின்றுவிடுவார்கள். அடிமைகள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதிலிருந்து அவர்களுக்கு உணவளியுங்கள், நீங்கள் உடுப்பதிலிருந்து உடுத்துங்கள் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களிடம் கூறிய கட்டளையன்றோ அது! அட்லாண்டிக் கடலுக்கப்பால், ஒரு கிறித்தவ எஜமானரை எடைபோட அந்த அடிமை எடுத்த படிக்கல் நம் நபிமொழி. அந்தப் படிக்கல்லுக்கு அந்தக் கிறித்தவர் தேறினார். கொடுத்த எடைக்குக் குறையாமல் நின்றார். இதை மறைப்பது நமக்கு அழகன்று.

எனினும் அந்த நல்லவர் உமரை விடுதலை செய்தாரா? இல்லை. பெருவிலை தந்து வாங்க வந்தோர்க்கும் விற்க மறுத்தார் என்று சொல்வர். ஆனால் தாமும் விடுவிக்கவில்லை. அரபு மொழியில் வேதாகமம் வரவழைத்துக் கொடுத்தார்கள். தேவாலயத்தில் ஞானஸ்நானம் அளித்தார்கள். உடன் அமர்ந்து ஜெபிக்க வைத்தார்கள். விடுதலைப் பத்திரம் மட்டும் எழுதவில்லை. 1860களின் தொடக்கத்தில், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், அடிமையாகவே உமர் இறந்தார். அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்தது 1865இல்.

என்னை வருத்துவது இந்த ஓவன்தான். முதல் எஜமானனைப் பற்றி வினாவே இல்லை; அவன் எந்தச் சமயத்தில் பிறந்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பான். தன் வேதத்தை நாள்தோறும் ஓதி, அது கற்பித்த இரக்கத்தை வீட்டுக்குள் கடைப்பிடித்து, அது கோரிய நீதியின் வாசலில் நின்றுவிட்டவனை என்ன சொல்வது?

அவர்களில் வேதத்தையே குறைத்து அளந்தவர்களும் உண்டு. உமர் கப்பலேறிய அதே 1807இல், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று லண்டனில் ஒரு வேதாகமப் பதிப்பு அச்சாயிற்று. யூஸுஃப் (அலை) அவர்கள் விற்கப்பட்ட கதை அதில் இருந்தது. மூஸா (அலை) அவர்கள் பனீ இஸ்ராயீல்களை ஃபிர்அவ்னிடமிருந்து மீட்ட கதை நீக்கப்பட்டிருந்தது! தத்ஃபீஃப் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் நான் அறியேன். அடிமை வைத்திருப்போர் மதப்பணிக்குச் செல்லலாமா என்ற தகராறில் 1845இல் தென்பகுதி பாப்டிஸ்டுகள் தனிச்சபையே கண்டனர். அச்சபை அதற்காக வருந்தி மன்னிப்புக் கோரித் தீர்மானம் இயற்றியது 1995இல். சரியாக நூற்றைம்பது ஆண்டுகள்.

அதே வேதத்தை ஓதிய இன்னொருவரையும் சொல்லவேண்டும். ஜான் உல்மன், 1720இல் பிறந்தவர், குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர், தையல் தொழில் செய்தவர். இளமையில் ஒரு கடையில் கணக்கெழுதி வந்தபோது, முதலாளி தம் அடிமைப் பெண்ணை விற்று, விற்பனைப் பத்திரம் எழுதச் சொன்னார். வாங்குபவர் தம் சபையைச் சேர்ந்த முதியவர். உல்மன் தயங்கினார், எழுதியும் கொடுத்தார். ஆனால், இது கிறித்தவ நெறிக்குப் பொருந்தாது என்று அவ்விருவர் முன்னிலையிலேயே சொன்னார். அடுத்தமுறை ஒருவர் அவ்வாறு கேட்டபோது எழுத மறுத்தார். அடிமைகளை வாரிசுகளுக்கு விட்டுச்செல்லும் உயில்களையும் எழுத மறுத்தார். அடிமை வைத்திருந்தோர் இல்லங்களில் விருந்துண்ண நேர்ந்தால், தமக்குப் பணிசெய்த அடிமைக்குக் கூலி கொடுத்தார். அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையை விலக்கினார். யாரையும் ஏசாமல் வீடுவீடாகச் சென்று பேசினார். அடிமைமுறைக்கு எதிராக அச்சபையார் சிலர் முதல் விண்ணப்பம் எழுதியது 1688இல். அடிமை வைத்திருப்போர்க்குச் சபையில் இடமில்லை என்று ஃபிலடெல்ஃபியாக் கூட்டம் முடிவு செய்தது 1776இல். இடையில் எண்பத்தெட்டு ஆண்டுகள். நல்லோர் நிறைந்த சபைக்கே அவ்வளவு காலம் பிடித்தது. உல்மன் அதைக் காணாமல் 1772இல் இறந்துபோனார்.

நான் மேடையில் செய்ததைத் திருமறை செய்யவில்லை என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். வேதமுடையோர் அனைவரும் சமமல்லர் என்று ஆலு இம்ரான் அத்தியாயத்தில் அது கூறுகிறது. ஹதீத் அத்தியாயத்தின் 27ஆம் வசனமோ, ஈஸா (அலை) அவர்களைப் பின்பற்றியோர் நெஞ்சில் இரக்கமும் கருணையும் வைத்ததாகவும், தாமே மேற்கொண்ட துறவை அவர்கள் பேணவேண்டிய முறையில் பேணவில்லை என்றும், அவர்களில் விசுவாசிகளுக்குக் கூலி வழங்கியதாகவும், பலர் வரம்பு மீறியோர் என்றும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. புகழும் குறையும் ஒரே வசனத்தில். அடைக்கலம் தேடி வந்த முஸ்லிம்களைப் பகைவரிடம் ஒப்படைக்க மறுத்த ஹபஷா நாட்டு நஜ்ஜாஷி மன்னரும் கிறித்தவராக இருந்தே அந்த நீதியைச் செய்தார். கேட்ட வினாவுக்கு என் விடை இதுதான்: சிலர் வாழ்ந்தனர், பலர் வாழவில்லை, ஓவனைப்போல் பாதி வாழ்ந்தோர் பலரினும் பலர்.

இப்போது அதே படியை நம் பக்கம் திருப்புவோம். ‘அல் பலத்’ அத்தியாயம் நன்மையைக் கடினமான மலையேற்றத்துக்கு ஒப்பிட்டு, அந்த ஏற்றம் யாதெனில் ஒரு கழுத்தை விடுவிப்பது என்று முதலாவதாகச் சொல்கிறது. கழுத்து என்றது அடிமையை. நம் ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களான மின்ஹாஜும் ஃபத்ஹுல் முஈனும் அடிமை விடுதலை பற்றிய பாடத்தோடுதான் நிறைவு பெறுகின்றன. நரகிலிருந்து தம் கழுத்து விடுவிக்கப்படும் என்னும் நல்லெண்ணத்தால் ஆசிரியர்கள் அவ்வாறு முடித்தனர் என உரைகாரர் கூறுவர். ஆனால் அதே ஷாஃபிஈ மத்ஹபு தழைத்த கிழக்காப்பிரிக்கக் கரையில், ஸன்ஸிபார் தீவில், 1873வரை அடிமைச் சந்தை நடந்தது. ஆண்டவர் முஸ்லிம் சுல்தான். அதை மூடவைத்தது பிரிட்டிஷ் நெருக்கடி. அவ்விடத்தில் இன்று நிற்பது ஒரு கிறித்தவ தேவாலயம். துனீஸியாவின் அஹ்மத் பே, அமெரிக்காவுக்கு முன்பாகவே 1846இல் அடிமைமுறையை ஒழித்தார் என்பதும் உண்மை. ஸஊதி அரேபியாவில் 1962வரையிலும் மூரித்தானியாவில் 1981வரையிலும் சட்டம் அதை ஒழிக்கவில்லை என்பதும் உண்மை. நான் ஓதிய மத்ரஸாவில், அந்தக் கடைசிப் பாடத்துக்கு வரும்போது ரமலான் விடுமுறை நெருங்கிவிடும். இக்காலத்துக்குத் தேவையில்லை என்று புரட்டிவிடுவோம்.

இக்காலத்துக்கு வருவோம். உல்மன் எழுதிய அந்தப் பத்திரத்தை நினைக்கும்போதெல்லாம் என் பேனா நினைவுக்கு வருகிறது. நிகாஹு தஃப்தரில் மஹர்த் தொகையை எத்தனையோ முறை நான் எழுதியிருக்கிறேன். மணமகன் கொடுப்பதாக நான் எழுதிய சில ஆயிரம் ரூபாய்க்கு முந்தின வாரமே, பெண்வீட்டிலிருந்து அதனினும் பன்மடங்கு கைக்கூலியாகப் போயிருந்தது எனக்குத் தெரியும். மஜ்லிஸில் அமர்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். எழுதி முடித்துப் பெண்ணுரிமை பற்றிக் குத்பாவும் ஓதினேன். உல்மனைப் பற்றிப் படித்தபின் இரண்டு நிகாஹுகளுக்கு வர மறுத்தேன். மூன்றாவது, என் மச்சான் மகளுடையது. போனேன், எழுதினேன். உல்மனைப்போல் இரு தரப்பார் முன்னிலையிலும் ஒரு வார்த்தை சொல்லவும் நா எழவில்லை.

உமர் தம் கையால் எழுதியவற்றுள் இறுதியாகக் கிடைத்திருப்பது 1857ஆம் ஆண்டின் ஒரு தாள். எண்பத்தேழு வயதளவில், தளர்ந்த கையால் எழுதிய சில அரபு வரிகள். இவர் கிறித்தவப் பற்றுமிக்கவர் என்றும், இது கிறித்தவர்கள் ஓதும் பரமண்டல ஜெபம் என்றும் அந்தத் தாளின் பின்புறத்தில் வேறொருவர் ஆங்கிலத்தில் குறித்து வைத்திருக்கிறார். தாளைத் திருப்பிப் படித்தால், அதில் இருப்பது ‘இதா ஜாஅ’ எனத் தொடங்கும் நம் சூரத்துன் நஸ்ரு.