வந்தியின் பங்கு



ஆவணி மூலம் நெருங்குகிறது. பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலை நினைக்கும் நாள். வைகை பெருகிக் கரை உடைந்தபோது பாண்டியன் கரையை அளந்து, மதுரையில் வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரித்துக் கொடுத்தான். ஆளும் துணையுமற்ற வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு விழுந்தது. அவள் பங்கு அடைபடாமல் கிடந்தால் வெள்ளம் அவள் குடிசையை மட்டுமா தேடிப் போகும்? உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று, எம்பெருமானே கூடை சுமக்க வந்தார். (வந்தவர் ஆடினார், பாடினார், தூங்கினார் என்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி!)

நாம் குடியிருக்கும் பிரிஸ்பேனும் ஆற்றங்கரை நகரம். 1974 ஜனவரியில் ஆறு நகர அளவுகோலில் 5.45 மீற்றர் உயர்ந்தது. 1980களில் விவன்ஹோ அணை எழுந்ததும், இனிப் பெருவெள்ளம் இல்லை என்ற நம்பிக்கை பரவியது. அணை தன் வேலையைச் செய்யத்தான் செய்கிறது. ஆனால் லொக்யர் ஓடையும் பிரெமர் ஆறும் அணைக்குக் கீழே வந்து கலப்பவை. அங்கு பெய்யும் மழையை அணை எப்படித் தடுக்கும்? 2011 ஜனவரியில் ஆறு 4.46 மீற்றரைத் தொட்டது. ஆயிரக்கணக்கான வீடுகளில் நீர் புகுந்தது.

பட்டறிவு மட்டும் போதுமா என்றால், அதுவும் சிலவேளை ஏமாற்றிவிடும். "அந்த வெள்ளத்திலேயே இந்த வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை" என்று சொல்வோர் உண்டு. 2022 பெப்ரவரியில் ஆறு 3.85 மீற்றர்தான். ஆயினும் நகருக்குள் ஓடும் சிற்றோடைகள் பெருகி, 2011இல் தப்பிய வீடுகளுக்குள்ளும் நுழைந்தன.

அணையை நம்புவதில் பிழையில்லை. பாண்டியனை நம்பித் தன் பங்கை விட்டவன்தான் பிழைகாரன். நம் பங்கு பெரிதல்ல. வீடு வாங்குமுன், நாள் நட்சத்திரம் பார்க்கும் அக்கறையில் பாதியாவது வெள்ள அபாயம் பார்ப்பதற்கும் வேண்டும். மாநகரசபை அந்த விபரத்தை முகவரி வாரியாக இலவசமாகவே தருகிறது. விலகச் சொல்லி எச்சரிக்கை வந்தால், அடுத்த வீட்டார் புறப்படட்டும் என்று காத்திராமல் புறப்பட வேண்டும்.

வாகனம் ஓட்டாத, தனித்து வாழும் முதியோர் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். ஆங்கில வானொலி அறிவிப்பு அவர்களுக்கு விளங்குமோ என்னவோ. மழை மாதங்கள் தொடங்குமுன், யாரை யார் போய் அழைத்து வருவது என்பதை ஆவணி மூலப் பூசை முடிந்து பிட்டுப் பிரசாதம் வழங்கும் வேளையில் பேசி எழுதிக்கொள்வோம். பேனாவுடன் வாருங்கள்.